அரசர் தானம் கொடுத்த காணியை நான் அளந்த கதை

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. இருந்தும் நான் வேலை பார்த்த பழைய கந்தோரிலிருந்து இளைய நில அளவையாளர் யாராவது அவ்வப்போது என்னைப் பார்க்க வருவதுண்டு. சென்ற மாதம் வந்தவர் ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படமொன்றை என் மேசையில் விரித்தார். மகாவலியின் வளைவு, கட்டுகஸ்தோட்டைப் பாலம், ஹந்தானை மலை எல்லாம் ஒரு தாளுக்குள் கிடந்தன. நாங்கள் அட்டைக்கடியோடு ஏறி இறங்கிய மலைகள் உள்ளங்கை அகலத்தில் இருந்தன. அதைச் சுருட்டி வைத்துவிட்டு, நான் அளந்தவற்றில் மிகவும் கடினமானது எது என்று கேட்டார். ஒரு மாகாணத்தின் பெயரையோ பெரிய காட்டின் பெயரையோ சொல்வேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பதினொரு ஏக்கர்க் காணி ஒன்று என்றேன். சிரித்தார். அவர் சிரித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் படித்து, பரீட்சை எழுதி, தியத்தலாவைக் குளிரில் அறுபத்தாறு அடி அளவுச் சங்கிலி பிடிக்கவும் கோணம் பார்க்கும் தியடலைற் வைக்கவும் பழகினேன். வன்னிக் காடுகளில் மூன்று வருடம் மலேரியாக் காய்ச்சலோடு அளந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில் கண்டிக்கு மாற்றலானேன். அதற்கு முந்தியதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. எனக்குத் தொழில் தெரியவந்தது கண்டியில், டி வோஸ் துரையிடம்.

டி வோஸ் எங்கள் மேலதிகாரி, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், மெலிந்த மனிதர். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. வெளிவேலை முடித்து வருகிற எவரும் களப் புத்தகத்தை அவர் முன் நின்று வாசிக்க வேண்டும். அவர் பிரம்புக் கதிரையில் சாய்ந்து கண்களை மூடிக்கொள்வார். இன்ன இடத்திலிருந்து இத்தனை சங்கிலி, இத்தனை கண்ணி, இடப்பக்கம் ஓடை, வலப்பக்கம் பாறை என்று நாங்கள் வாசிக்க வாசிக்க, அவர் மனத்துக்குள் அந்த நிலத்தில் நடந்துகொண்டிருப்பார். எங்கேயாவது கால் இடறினால் கையை உயர்த்துவார். "இங்கே நான் ஓடைக்குள் விழுந்துவிட்டேன். நீர் எப்படிக் கடந்தீர்?" என்று கேட்பார். பார்த்தால் ஓர் அளவு விடுபட்டிருக்கும். திரும்பப் போய் அளந்து வரவேண்டும். களப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. பிழையை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். பிழைவிட்ட இடமும் தெரிய வேண்டும் என்பார்.

முப்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் காணி எங்கள் மேசைக்கு வந்தது. ஹந்தானைச் சரிவில் ஊற்றடிப் பிள்ளையார் கோயில் என்று ஒரு சிறு கோயில். அதற்கு மேலே தேயிலைத் தோட்டம், கீழே இருபது குடும்பங்களின் வயல். கோயிலுக்குப் பின்னால் ஏறிப் போனால் பாறை இடுக்கில் வற்றாத ஊற்றொன்று. அந்தத் தண்ணீர்தான் கோயில் கேணிக்கும் வயல்களுக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இரண்டுக்கும் போனது. தோட்டக் கம்பனி அந்தச் சரிவு தன்னுடையது என்று வேலி போடப் பார்த்தது. ஊற்றைக் குழாய் வழியாகத் தேயிலை ஆலைக்குக் கொண்டுபோவது அதன் எண்ணம். கோயில் தர்மகர்த்தா ஒரு செப்பேட்டைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு வந்தார். கண்டியை ஆண்ட நாயக்க அரசர் ஒருவர் பிள்ளையாருக்குக் கொடுத்த தானம் என்றார். ஏட்டில் உள்ள காணி நிலத்தில் எது என்று கண்டுபிடித்து அளந்து தரும்படி எங்கள் கந்தோருக்குக் கட்டளை வந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் அது என்னிடம் வந்தது.

ஏடு ஒரு முழ நீளம். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். மேலே சூரியனும் சந்திரனும் வெட்டியிருந்தன. களிம்பை மென்மையான தூரிகையால் தட்டி, சோக்குத் தூளைத் தூவித் துடைத்தோம். வெட்டின பள்ளங்களில் தூள் தங்கி எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. சிங்களப் பக்கத்தைக் கந்தோர் மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். தமிழ்ப் பக்கத்தை நான் இரண்டு நாள் உட்கார்ந்து பெயர்த்தெழுதினேன். சூரிய கிரகணத்தன்று அரசர் மகாவலியில் நீராடி, எள்ளும் தர்ப்பையும் நீரும் வார்த்து, சந்திரரும் சூரியரும் உள்ளவரைக்கும் அனுபவிக்கும்படி இந்தக் காணியைக் கொடுத்தார் என்றிருந்தது. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய ஊற்றும் சேர்த்துக் கொடுத்திருந்தார். விளக்கேற்றுகிறவருக்கும் மேளம் அடிக்கிறவருக்கும் மாலை கட்டுகிறவருக்கும் ஆளுக்கொரு பங்கு. இதற்குக் கேடு நினைத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிந்தது.

நான் வாசித்து முடித்ததும் டி வோஸ் கண்ணைத் திறந்தார். எல்லைகள் பிறகு இருக்கட்டும், முதலில் கொடுத்தது என்ன என்று சொல்லும், அது தெரியாமல் அளக்க முடியாது என்றார். நான் படித்தும் கேட்டும் அறிந்ததைச் சொன்னேன். பழைய அரசர்கள் தராசின் ஒரு தட்டில் தாங்கள் அமர்ந்து, மறுதட்டில் பொன் வைத்து, அந்தப் பொன்னைத் தானம் செய்தார்கள். பொன்னால் பசு செய்தும் கொடுத்தார்கள். பொன் கொடுத்த அன்றோடு பிரிந்து போய்விடும். பூமி ஒவ்வொரு போகமும் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பூமிதானத்தை மேலாக வைத்தார்கள். நீர் வார்த்த பிறகு அந்த நிலத்தில் அரசருக்கே உரிமை கிடையாது. காக்கிற கடமை மட்டும் மிஞ்சும். கொடுத்தவரைவிட, அவருக்குப் பின் வந்து அதைக் காப்பவருக்கே புண்ணியம் அதிகம் என்றும் எழுதிவைத்தார்கள்.

டி வோஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்த அரசருடைய இடத்தில் இப்போது இருப்பது யார்?" என்றார்.

"அரசாங்கம்."

"அப்படியானால் காக்கிற கடமையும் அதற்குத்தான். அதன் சம்பளக்காரர் நீர். போய் அளந்து வாரும்."

அன்று படியிறங்கும்போது எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

ஏட்டில் நான்கு எல்லைகள். வடக்கே பெரும்பாறை, தெற்கே படி வெட்டின பாறை. இரண்டும் அப்படியே இருந்தன. மேற்கே ஓடை. கிழக்கு எல்லைதான் உயிர்நிலை. கோயில் விளக்குக் கல்லிலிருந்து கிழக்கே ஒரு கூப்பிடு தூரத்தில், காகமும் நாயும் வெட்டி நாட்டின கல் என்று எழுதியிருந்தது. தானத்தை அபகரித்தவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான் என்பதற்காக அப்படி வெட்டுவார்கள். அந்தக் கல் ஊற்றுக்கு மேலே இருந்தால் ஊற்று பிள்ளையாருக்கு. கீழே இருந்தாலோ, கல்லே அகப்படாவிட்டாலோ, ஊற்று கம்பனிக்கு.

வேலை தொடங்குவதற்கு முன்பே தர்மகர்த்தா என் வீட்டுக்கு வந்தார். வைரவநாதபிள்ளை என்று பெயர். கண்டிக் கடைவீதியில் புடைவை வியாபாரம், நல்ல செல்வாக்கு. ஓடைக்கு அப்பால் மேற்கிலே இரண்டு ஏக்கர் வயலைக் கோயில் பேரில் அவரே விதைத்துவந்தார். அதையும் படத்துக்குள் சேர்த்துவிட வேண்டும் என்றார்.

"ஏட்டிலே ஓடை என்றுதானே இருக்கு?" என்றேன்.

"ஓடை இன்னைக்கு இங்க ஓடும், நாளைக்கு அங்க ஓடும். நீங்களும் பிள்ளையாரைக் கும்பிடுறவங்கதானே. உங்க கையால அவருக்கு ரெண்டு ஏக்கர் கூடினா குறைஞ்சா போயிருவீங்க?"

ஓடை இடம் மாறியிருந்தால் பழைய தடம் மண்ணில் தெரியும், பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஐந்து இடத்தில் குழி வெட்டிப் பார்த்தேன். மணலோ கூழாங்கல்லோ எதுவும் இல்லை. ஓடை நூறு வருடமாக ஓடின தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. எல்லையை அதன் நடுவில் போட்டேன். வைரவநாதபிள்ளை அதற்குப் பிறகு என்னைத் தெருவில் கண்டால் மறுபக்கம் போனார்.

கிழக்குப் பக்கம் ஏறினேன். கூப்பிடு தூரம் என்பது வெறும் பேச்சு வழக்கல்ல, கண்டி நாட்டில் அது நிச்சயமான அளவு. சிங்களப் பக்கத்தில் அதையே 'ஹூவ' என்று எழுதியிருந்தார்கள். ஒரு மனிதன் 'ஹூ' என்று கூவினால் எதுவரைக்கும் கேட்குமோ அதுவரை. என் சங்கிலிக்காரர்களில் மூத்தவர் கிரி பண்டா, கட்டுகஸ்தோட்டைக்காரர், நல்ல குரல். அவரை விளக்குக் கல்லருகே நிறுத்திக் கூவச் சொல்லிவிட்டு, நான் தேயிலைக்குள் கிழக்கே ஏறிக்கொண்டே போனேன். குரல் கேளாமற்போன இடத்தில் முளை அடித்தேன். முதல் நாள் அமைதியான காலை, இருபத்தாறு சங்கிலி. இரண்டாம் நாள் எதிர்க்காற்று, இருபதே சங்கிலி. மூன்றாம் நாள் பனிமூட்டத்தில் இருபத்து நான்கு. ஊற்று இருந்தது இருபத்திரண்டில். இந்த இடைவெளிக்குள் கல்லைத் தேடினோம். தோட்டத்துப் பெரிய கங்காணி கூடவே வந்தார்.

"இங்க அப்பிடி ஒரு கல்லும் இல்லீங்க. நான் பொறந்ததுலேருந்து இந்த மலையிலதான் கெடக்கேன்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்.

எட்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. களப் புத்தகத்தை டி வோஸிடம் வாசித்தேன். இருபதுக்கும் இருபத்தாறுக்கும் இடையில் என்று வந்ததும் கை உயர்ந்தது. "இடையில் என்பது எல்லையாகாது" என்றார். நான் திரும்பிப் போனேன்.

மறுநாள் பகல் கொழுந்து நிறுக்கப் பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கருவியை மடக்கிக்கொண்டு நின்றேன். கங்காணி முன்னே போய்விட்டார். நாற்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் நின்று, கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஆறாம் நம்பர் மலையில, பெரிய கானுக்கு மேப்பக்கம் பாருங்க. மண்ணு புதுசா இருக்கும்."

சொல்லிவிட்டு வரிசையோடு போய்விட்டாள்.

ஆறாம் நம்பர் மலையில், மழைநீர் போகும் பெரிய கானுக்கு மேலே, தேயிலைச் செடி இரண்டின் நடுவில் மண்மேடு ஒன்று இருந்தது. அதன்மேல் புல் இன்னும் முளைக்கவில்லை. கிரி பண்டா மண்வெட்டியால் மெல்ல வழித்தார். ஓர் அடி போனதும் கல்லின் தலை தெரிந்தது. கையாலேயே மண்ணைத் தள்ளினோம். முதலில் ஓர் அலகு வந்தது, பிறகு சிறகு. அதற்குக் கீழே வாலைச் சுருட்டின நாய். கிரி பண்டா தொப்பியைக் கழற்றிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் கலங்கிக்கொண்டு நிற்க நேரமில்லை. கல் கிடைத்தால் போதாது, அது நாட்டின இடத்திலேயே நிற்கிறது என்று காட்ட வேண்டும். யாரோ கொண்டுவந்து புதைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் அடிவரை தோண்டினேன். கல்லின் காலைச் சுற்றிக் கருங்கல் துண்டுகள் இறுக்கி அடித்திருந்தன. பக்கத்துத் தேயிலைச் செடியின் வேர், விரல் தடிப்பில், அந்தத் துண்டுகளின் இடுக்கில் புகுந்து வளைந்து, ஒரு துண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. அந்தச் செடி நட்டு நாற்பது வருடத்துக்கு மேல் என்பது தோட்டத்தின் சொந்தப் பதிவிலேயே இருந்தது. செடி வருவதற்கு முன்பே கல் அங்கே நின்றதற்கு அந்த வேர்தான் சாட்சி. அதை வெட்டாமல் மண்ணை மட்டும் ஊதி, அளந்து, படம் வரைந்து, தோட்டத்து உதவித் துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன். விளக்குக் கல்லிலிருந்து மூன்று தரம் சங்கிலி போட்டோம். இருபத்து மூன்று சங்கிலி, நாற்பது கண்ணி. ஊற்று உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் என் தொழில் வாழ்க்கையின் கடினமான பகுதி. களப் புத்தகத்தில் எல்லைக்கல் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைக் காட்டியவர் பெயரை எழுத வேண்டும். நாங்களே கண்டுபிடித்தோம் என்று எழுதுங்கள் என்று கிரி பண்டா சொன்னார். அவர் சொன்னது இரக்கத்தினால். பெயரை எழுதினால் அந்தப் பெண்ணைத் தோட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். எழுதாவிட்டால் என் புத்தகத்தில் ஒரு பொய் இருக்கும். அந்தப் பக்கத்தை இரண்டு நாள் வெறுமையாக விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கோயிலுக்கு வந்தாள். பெயர் செல்லாயி. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள், மூவரும் கொழுந்து பறிக்கிறவர்கள். கேணியடியில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கட பேரை எழுதினால் தோட்டத்தில உங்களுக்குக் கரைச்சல் வரும். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. வேண்டாம் எண்டால் நான் எழுத மாட்டன். வேறை வழி பார்ப்பம்."

அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"மண்ண அள்ளிப் போடுன்னு கங்காணி சொன்னப்ப நானும்தாங்க போட்டேன். எங்க லயத்துக்கும் அந்த ஊத்துத் தண்ணிதான். போட்டுட்டு வந்து மூணு நாளா சோறு எறங்கல. எழுதுங்க. பேர எழுதாட்டி, கல்லு தானா எந்திரிச்சு வந்துச்சுன்னா சொல்லுவீங்க?"

எழுதினேன். அவள் பெருவிரல் அடையாளம் வைத்தாள். நான் வாசிக்கக் கேட்டு, "மேப்பக்கம்னு போட்டீங்களா?" என்று சரிபார்த்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் வெட்டோ திருத்தமோ கிடையாது.

டி வோஸிடம் முழுப் புத்தகத்தையும் வாசித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விளக்குக் கல்லில் தொடங்கி நான்கு எல்லையும் சுற்றி விளக்குக் கல்லுக்கே வந்து முடித்தேன். முக்கால் மணி நேரம். கை ஒரு தரமும் உயரவில்லை. கண்ணைத் திறந்து, "சுற்றி வந்துவிட்டேன். கால் நனையவில்லை" என்றார். அவரிடம் அதற்கு மேலான பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

விசாரணை கச்சேரியில் நடந்தது. கம்பனியின் வழக்கறிஞர் கொழும்பிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர். கல்லைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் கேட்டார். நான் இந்துவா என்றார். ஆம் என்றேன். அந்தக் கோயிலில் கும்பிட்டதுண்டா என்றார். அளவு தொடங்கிய அன்று காலையிலும் கும்பிட்டேன் என்றேன். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"ஆகவே பிள்ளையாருக்கு வேண்டிய கல் உம்முடைய கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அப்படித்தானே?"

படத்தின் மேற்குப் பக்கத்தைப் பார்க்கும்படி விசாரணை அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். கோயில் விதைத்துவந்த இரண்டு ஏக்கர் வயல் ஓடைக்கு அப்பால், எல்லைக்கு வெளியே கிடந்தது. "அந்த வயலைப் பிள்ளையாரிட்டையிருந்து எடுத்ததும் இதே கைதான், ஐயா" என்றேன். அதிகாரி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் தாள்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

செல்லாயியையும் கூப்பிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்து வந்தாய் என்று பல விதமாகக் கேட்டார்கள். மண் போட்டது நான், அதனால் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று ஒரே பதிலைச் சொன்னாள். தீர்ப்பு ஏட்டின்படியே வந்தது. கிழக்கே காகக் கல், மேற்கே ஓடை. ஊற்று கோயிலுக்கு. வயல் கோயிலுக்கு இல்லை.

இரண்டு கிழமைக்குள் செல்லாயிக்கும் பிள்ளைகளுக்கும் வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். செய்தியைக் கிரி பண்டா கொண்டுவந்தார். நான் மேசையிலிருந்து எழுந்து நேரே கடைவீதிக்குப் போனேன். வைரவநாதபிள்ளை என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். ஏட்டின் பிரதியை அவர் முன்னால் வைத்து, மாலை கட்டுகிறவருடைய பங்கு என்ற வரியைக் காட்டினேன். அந்தப் பங்கு அனுபவிப்பார் இல்லாமல் பல காலமாகப் பற்றைக் காடாகக் கிடந்தது. செல்லாயிக்குப் போக்கிடமில்லை, எனக்காகக் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர் பிரதியை இரண்டு தரம் வாசித்தார்.

"ரெண்டு ஏக்கர் போனது எனக்கு இன்னும் ஆறல. உங்க கூட எனக்குப் பேச்சும் இல்ல. ஆனா இது ராசா எழுதினது. இதுல நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. அந்த அம்மாவ வரச் சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பத்துப் பேர் கூடினார்கள். செல்லாயிக்கு மாலை கட்டுகிற ஊழியமும் அதற்குரிய பங்கும் என்று அறிவித்தார்கள். ஐயர் மந்திரம் சொல்ல, வைரவநாதபிள்ளை செம்பிலிருந்து அவள் கையில் நீர் வார்த்தார். அதைக் கண்ணால் கண்டவன் நான்.

மறுநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு அந்தத் துண்டை அளந்து கொடுத்தேன். நான் வரைந்த படங்களில் அதுதான் மிகச் சிறியது. படத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது, முதலில் நடந்து பார்க்க வேண்டும் என்றாள் செல்லாயி. வெறுங்காலோடு நான்கு பக்கமும் சுற்றினாள். பிள்ளைகள் இருவரும் பின்னால் போனார்கள். வடக்கு மூலையில் நின்று, நான் காலையில் நாட்டின கல்லைப் பாதத்தால் தள்ளிப் பார்த்தாள்.

"ஐயா, இது லேசா சாஞ்சிருக்கு. நிமித்தி வச்சுத் தாங்க."

தூக்குநூல் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். முழங்காலிட்டு, கல்லை எடுத்து, மறுபடியும் நாட்டினேன்.